தெற்கின் வரியும் கிழக்கின் இரும்பும்

தமிழ்நாட்டில் கட்சி பேதமும் சாதி பேதமும் படிப்பு பேதமும் குறுக்கிடாமல் எல்லாரும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் அபிப்பிராயங்கள் மிகச் சில. நாம் பாடுபட்டுச் செலுத்தும் வரிப்பணத்தைப் பீகாரும் உத்தரப் பிரதேசமும் உட்கார்ந்த இடத்தில் உண்டு தீர்க்கின்றன என்பது அந்தச் சிலவற்றுள் ஒன்றாக இன்று வேரூன்றிவிட்டது. தேநீர்க் கடையில் ஆத்திரமாகவும் சட்டசபையில் புள்ளிவிவரமாகவும் ஒலிக்கும் இந்த வாதத்திற்குக் கைப்பொருளாக இருப்பவை பதினைந்தாம் நிதிக் குழுவின் எண்கள். மத்திய சர்க்கார் மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ளும் வரித்தொகையில், 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்குப் பீகாருக்கு 10.058 சதவீதமும் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதமும் என்று அக்குழு வகுத்தது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தேசத்து மக்களில் நாம் ஏறத்தாழ 6 சதவீதம். பீகாரிகள் ஏறத்தாழ 8.6 சதவீதம். இந்த நான்கு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கிற தமிழன் மனம் கொதிப்பானேயானால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் கொதிப்பில் நியாயமே இல்லையென்று வாதாட நான் முன்வரவில்லை. மாநிலங்களின் பங்குக்கு உட்படாதபடி செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் பெயரிட்டு மத்திய சர்க்கார் தன் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளும் வருமானம் ஆண்டுக்காண்டு பெருகியதும், ஜனத்தொகைப் பெருக்கத்தை அடக்கிய மாநிலத்துக்கு அந்த நற்செயலே நஷ்டமாக முடிந்ததும் மறுக்கமுடியாத உண்மைகள். ஆனால், இந்த எண்களிலிருந்து புறப்பட்டு, பீகார் தன் மக்களின் சோம்பலாலும் மூடத்தனத்தாலும் மட்டுமே ஏழையாயிற்று, தமிழ்நாடு தன் மக்களின் உழைப்பாலும் அறிவாலும் மட்டுமே செல்வம் பெற்றது, ஆகையால் ஒருவரை மற்றவர் சுமப்பது அநியாயம் என்ற சித்தாந்தத்திற்கு வந்து சேர்கிறார்களே, அது சரித்திரத்துக்கும் பொருளாதாரத்துக்கும் ஒருங்கே விரோதமானது. இரு பிரதேசங்களுக்கிடையே உள்ள பற்றுவரவில் கடைசிப் பக்கத்தை மட்டும் பிரித்து வாசித்துவிட்டு, முன்னே உள்ள நூறு பக்கங்களைத் தள்ளிவிட்டுத் தீர்ப்புக் கூறும் கணக்கு அது. தள்ளப்பட்ட பக்கங்களில் சிலவற்றையாவது இங்கே வாசித்துக் காட்டுவது அவசியம் என்று கருதுகிறேன்.

முதலில் இரும்பை எடுத்துக்கொள்வோம். 1907இல் தோன்றிய டாடா கம்பெனி, பின்னாளில் ஜாம்ஷெட்பூர் என்று பெயர்பெற்ற சாக்சி என்னும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்து 1912இல் எஃகு உருக்கத் தொடங்கியதற்குக் காரணம், இரும்புக் கல்லும் நிலக்கரியும் தண்ணீரும் அந்த ஒரு வட்டாரத்தில் அடுத்தடுத்துக் கிடைத்தமையே. உலகத்தில் எங்கெங்கே இரும்பும் கரியும் சேர்ந்து கிடைத்தனவோ அங்கெல்லாம் எஃகு ஆலையைச் சுற்றி யந்திர சாலைகளும், அவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகளும், அவற்றைச் சுற்றி நகரங்களும் படிப்படியாக எழுந்தன. ஜெர்மனியின் ரூர்ப் பிரதேசம் பெரும்பாலும் கரியைக் கொண்டே அப்படி எழுந்தது. சுதந்திர இந்தியாவில் பழைய பீகாருக்கும் வங்கத்துக்கும் ஒரிசாவுக்கும் அந்த இயல்பான வளர்ச்சி கிட்டாமற் போனதற்கு, 1950களில் மத்திய சர்க்கார் புகுத்தி 1990களின் தொடக்கம் வரையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடத்திய சரக்குக் கட்டணச் சமன்பாட்டு முறை ஒரு பிரதான காரணம்.

அந்த முறை எவ்விதம் வேலை செய்தது என்பதைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். 1965ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் பட்டறை வைத்திருந்த ஒருவர் ஒரு டன் கம்பியோ ஆங்கிளோ தகடோ வாங்குகிறார் என்று கொள்வோம். ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் ரயிலில் வந்து, கூட்ஸ் ஷெட்டில் இறங்கிய அந்த எஃகுக்கு அவர் கொடுத்த விலையும், ஜாம்ஷெட்பூர் ஆலையின் மதிற்சுவரை ஒட்டிப் பட்டறை போட்டிருந்தவர் கொடுத்த விலையும் ஒன்றே. தூரத்துக்கு உண்டான ரயில் கட்டணத்தைத் தேசம் முழுவதற்கும் சராசரியாக்கி ஒவ்வொரு டன்னின் விலையிலும் சேர்த்துவிட்டார்கள். அருகில் இருந்தவர் தாம் செலவிடாத கட்டணத்தைப் பொது நிதியில் கட்டினார். தொலைவில் இருந்தவர் தாம் செலவிட்டதில் ஒரு பகுதியை அந்த நிதியிலிருந்து பெற்றார். கோவையின் பட்டறைகளில் உருவான யந்திரங்கள் தமிழ் உழவர்களின் கிணற்று மேட்டிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்தன, அவற்றை உருவாக்கியவர்களின் நுட்பமும் விடாமுயற்சியும் நம் பெருமைக்குரியவை, அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட எஃகின் விலையில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாமல், ஜாம்ஷெட்பூரில் எழுந்திருக்க வேண்டிய பட்டறைகளிலிருந்து வந்தது. சிமெண்டுக்கும் இதே முறை. நிலக்கரிக்கோ, தூரம் கூடக்கூட மைலுக்கு மைல் கட்டணம் குறையும்படியாக ரயில்வேயின் விகிதங்கள் அமைந்திருந்தன.

தேசத்தின் எல்லாப் பாகங்களும் சமமாக வளரவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு செய்ததல்லவா இது என்று கேட்கலாம். நோக்கம் அதுவேயானால், பருத்தியையும் அதே தராசில் அன்றோ நிறுத்திருக்க வேண்டும்? பம்பாய், குஜராத் பக்கங்களில் விளைந்த பருத்தியை வங்கத்து ஆலைக்காரர் வாங்கியபோது ரயில் கட்டணம் முழுவதையும் தாமே கொடுத்தார். அதற்குச் சமன்பாடு பேசியவர் யாரும் இல்லை. கிழக்குப் பிரதேசங்களுக்கு இயற்கை கொடுத்திருந்த ஒரே அனுகூலம் பொதுவுடைமையாயிற்று. மேற்குப் பிரதேசங்களின் அனுகூலம் அவற்றிடமே இருந்தது. இதைக் கண்டித்து அந்நாளில் பாட்னாவிலும் கல்கத்தாவிலும் எழுந்த குரல்கள் புது டில்லியின் காதில் விழவில்லை. சென்னையின் காதில் விழுவதற்கோ ஒரு முகாந்தரமும் இருக்கவில்லை.

ஆலை கிடக்கட்டும், மண்ணுக்கடியில் இருந்த செல்வத்துக்காவது உரிய விலை கிடைத்ததா? நிலக்கரிச் சுரங்கங்கள் 1970களின் தொடக்கத்தில் தேசவுடைமையாயின. மாநிலத்துக்குச் சேரவேண்டிய ராயல்டியை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய சர்க்காரிடம் இருந்தது. நெடுங்காலம் அது டன்னுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கிலேயே நின்றதால், கரியின் விலை ஏறியபோதெல்லாம் மாநிலத்தின் வருமானம் கூடவே ஏறவில்லை. விலையில் 14 சதவீதம் என்ற நேர்மையான முறை வந்தது 2012இல்தான். இதற்கிடையில் ராயல்டியின்மேல் செஸ் விதித்துத் தம் பற்றாக்குறையை ஈடுகட்டிக்கொள்ள மாநிலங்கள் முயன்றன. தமிழ்நாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்கான ராயல்டியின்மேல் விதிக்கப்பட்ட அத்தகைய செஸ்ஸை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி தொடுத்த வழக்கில், 1989இல் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையென்று தீர்ப்பளித்தார்கள். வழக்குப் பிறந்தது நம் ஊரில்; ஆனால் அதன் இடி நம்மைவிடப் பன்மடங்கு பலமாக இறங்கியது சுரங்கங்கள் நிறைந்த பீகார் மீதும் ஒரிசா மீதும். 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் கூடி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் தவறென்று தள்ளினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் தவறாக இழந்த வருமானத்தை, ‘பீகாருக்கு நாம் கொடுத்தது’ என்று கணக்கிடுகிறவர்கள் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

‘நாம் கட்டும் வரி’ என்று சொல்கிறபோது மற்றொரு மயக்கமும் நேர்கிறது. கம்பெனிகளின் வருமான வரி, தலைமைக் காரியாலயம் இருக்கும் ஊரின் கணக்கில் ஏறும். ஜாம்ஷெட்பூர் ஆலையின் கம்பெனி பம்பாயில் பதிவானது. தன்பாத்தில் கரி வெட்டினாலும் கோல் இந்தியாவின் தலைமையிடம் கல்கத்தா. சுரங்கத்தின் புகையும், மண் சரிவும், ஜரியாவில் ஒரு நூற்றாண்டாக நிலத்தடியில் எரிந்துகொண்டிருக்கும் நெருப்பும் அந்த வட்டாரத்து மக்களுக்கு. வரிசெலுத்தும் கௌரவம் மகாராஷ்டிரத்துக்கும் வங்கத்துக்கும். ஜி.எஸ்.டி. வந்தபின், பொருள் நுகரப்படும் இடத்துக்கே வரி போவதால் உற்பத்தி செய்யும் மாநிலமாகிய நமக்கு நஷ்டம் என்று நாம் நியாயமாகவே முறையிட்டோம். பொருள் பிறந்த இடத்துக்கு அதன் பயன் சேரவேண்டும் என்கிற அதே நியாயத்தைத்தான் கரி பிறந்த பிரதேசம் அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் ஓர் ஆட்சேபம் எழுப்புவார்: கரியும் இரும்பும் 2000 நவம்பரில் பிரிந்த ஜார்க்கண்டோடு போய்விட்டனவே, இன்றைய பீகாருக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்பது அது. சம்பந்தம் மிக நெருக்கமானது. பிரிவினைக்கு முந்திய ஐம்பதாண்டுகளில் பாட்னாவின் கஜானாவுக்கு வரவேண்டியிருந்த வருமானம் குறைந்தபோது, கட்டப்படாமற் போன பள்ளிக்கூடங்கள் கங்கைக் கரைச் சமவெளியிலும் இருந்தன. ஆலைகளும் சுரங்கங்களும் தெற்கே போய்விட, மிச்சமாக நின்ற பீகார் நெல் வயலும் வெள்ளமும் ஜனநெருக்கமும் மட்டுமே உடைய தேசமாயிற்று. நேபாளத்திலிருந்து இறங்கும் கோசி நதிக்கு 1950களில் கரை எழுப்பத் தொடங்கியவர்கள், பின்னர் மாநிலமெங்கும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரைகளை நீட்டியும், வெள்ளம் பாயும் நிலப்பரப்பு குறையவில்லை, வளர்ந்தது. 2008 ஆகஸ்டில் குசஹா என்ற இடத்தில் கரை உடைந்து, நதி தன் பழைய பாதைகளில் ஒன்றைத் தேடிக்கொண்டு ஓடியபோது முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசல் இழந்தோ வெள்ளத்தில் சிக்கியோ அல்லலுற்றார்கள். நேபாளத்தோடு பேசி மேல்மடையில் செய்யவேண்டிய காரியத்தை ஒரு மாநில சர்க்கார் தனித்துச் செய்ய இயலாது.

இதற்கெல்லாம் முந்திய காரணம் ஒன்று நிலத்தில் இருக்கிறது. 1793இல் காரன்வாலிஸ் வங்கத்துக்கும் பீகாருக்கும் சாசுவத ஜமீன் முறையை ஏற்படுத்தினார். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிலோ மன்றோவின் ரயத்துவாரி நிலைத்தது. ஜமீன் ஆண்ட ஜில்லாக்களில், சுதந்திரத்துக்குப் பின்னும் பாசனத்திலும் விளைச்சலிலும் பள்ளி, ஆஸ்பத்திரி வசதிகளிலும் பின்தங்கிய நிலை நீடித்ததை அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் எடுத்துக் காட்டினார்கள். அந்த நுகத்தை உதறப் பீகார் முயலாமலும் இல்லை. 1950இல் அது இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் தர்பங்கா மகாராஜா காமேசுவர சிங் எதிர்த்து வழக்காட, பாட்னா ஹைகோர்ட் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. 1951இல் நிறைவேறிய முதல் அரசியலமைப்புத் திருத்தம், சென்னை மாகாணத்து வகுப்புவாரி உத்தரவைக் காப்பாற்றப் பிறந்தது என்று நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அதே திருத்தத்தின் மற்றொரு பாதி பீகாரின் உழவருக்காகப் பிறந்தது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

நம் எல்லைக்குள்ளேயே ஜமீன் முறையின் விளைவுக்குப் பிரத்தியட்ச சாட்சி இருக்கிறது. ராமநாதபுரமும் சிவகங்கையும் 1803இல் ஜமீன்களாயின. கொங்கு நாட்டின் பெரும்பகுதி ரயத்துவாரியில் இருந்தது. மழை இரண்டிடத்திலும் ஏராளமில்லை. கொங்கு நாட்டுக் குடியானவன் தன் பட்டா நிலத்தில் பாறையை உடைத்து ஆழக் கிணறு வெட்டினான்; 1932இல் பைகாராவிலிருந்து மின்சாரம் வந்தபோது அக்கிணற்றில் மோட்டார் இறங்கியது. ராமநாதபுரத்தில் கண்மாயின் கரையும் கலுங்கும் மடையும் ஜமீனின் பொறுப்பில் கிடந்து தூர்ந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தபோது, சர்க்கார் ஏற்றது பழுதடைந்த நீர்நிலைகளை. இன்று பல கண்மாய்களின் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டி, அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே சுற்றுவட்டாரத்தின் ஜீவனமாக இருக்கிறது. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் கோவையிலும் திரளும் வரியிலிருந்து ராமநாதபுரத்துக்குச் செலவிடுகிறோம். ராமநாதபுரம் ஒரு ரூபாய் கொடுத்து எத்தனை ரூபாய் வாங்கிற்று என்று யாரும் கேட்பதில்லை; கேட்டால் வெட்கக்கேடு என்று நமக்குத் தெரியும். முதுகுளத்தூருக்குப் பொருந்தும் நியாயம் பீகாரின் மதுபனிக்குப் பொருந்தாமற் போவதற்குக் காரணம், அங்கே பேசுகிற பாஷை வேறு என்பதைத் தவிர நான் ஒன்றும் காணவில்லை.

நம் செல்வம் முழுவதும் நம் கை உழைப்பாலேயே வந்தது என்பதும் பாதி உண்மையே. காமராஜர் காலத்துப் பள்ளிக்கூடங்களும் மதிய உணவும், பின்வந்த ஆட்சிகள் வளர்த்த ஆரம்ப சுகாதார நிலையங்களும், இடஒதுக்கீட்டினால் மேலெழுந்த தலைமுறைகளும் நாம் ஈட்டியவை. அவற்றைப் பீகார் தவறவிட்டது. ஆனால் பெரம்பூரில் 1955இல் எழுந்த ரயில்பெட்டித் தொழிற்சாலையும், 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியும், திருச்சியின் கொதிகலன் ஆலையும், ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையும் தேசம் முழுவதன் வரிப்பணத்தில் நமக்கு வந்தவை. ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்று நம் மேடைகள் முழங்கிய காலம் அது. பின்தங்கிய பாகத்தைக் கைதூக்கிவிடுவது மத்திய சர்க்காரின் கடமை என்று அன்று நாம் வாதாடினோம், வென்றோம். அந்த நியாயத்தை நம் தேவை தீர்ந்தவுடன் மடித்து வைத்துவிட முடியாது.

உழைப்புக்கு வருவோம். தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கும்போது, முன்பதிவில்லாத பெட்டியிலிருந்து துணி மூட்டையும் பிளாஸ்டிக் வாளியுமாக இறங்கும் இளைஞர்களைப் பார்த்தவர்கள் சோம்பலைப் பற்றிப் பேசமாட்டார்கள். பனியன் கம்பெனியில் பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் நாள்தோறும் ஒன்றரை ஷிப்ட் நிற்பவர்களும், சென்னையில் மேம்பாலத்துக்குக் கம்பி கட்டுபவர்களும் அவர்களே. ஒரு குழந்தையைப் பெற்று, வளர்த்து, நோய்க்கு மருந்து கொடுத்து, எட்டாவது பத்தாவது வரையில் படிக்கவைக்கும் செலவு அத்தனையும் பீகாரின் ஏழைக் குடும்பத்துக்கும் ஏழைக் கஜானாவுக்கும்; உடம்பில் வலு ஏறிய வயதில் அவன் உழைப்பு நமக்கு; உடல் தளர்ந்ததும் அவன் மீண்டும் பீகாருக்கு. இந்தப் பெரிய மானியத்தைக் கணக்கில் எழுதுவதற்கு எந்த நிதிக் குழுவிடமும் சூத்திரம் இல்லை. 2023 மார்ச்சில் அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவி, சிலர் கூட்டமாக ஊர் திரும்பியபோது, தொழிலாளி இல்லாமல் என்ன செய்வோம் என்று தவித்தவர்கள் நம் முதலாளிகள்.

வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் போகட்டும், ஆள் இருக்கும் இடத்துக்கு வேலையைக் கொண்டுபோவது வீண் என்று சில பொருளாதாரப் பண்டிதர்கள் சொல்வதும் இதே இடத்தில் அடிபட்டுப்போகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பீகாரிகள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்: மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கும், கல்கத்தாவின் சணல் ஆலைகளுக்கும், பின்னர் பஞ்சாபின் கோதுமை வயல்களுக்கும். அவர்கள் அனுப்பிய பணம் குடும்பங்களைப் பசியாற்றியது. ஊரில் ஒரு தொழிலை எழுப்பும் முதலாக அது திரளவில்லை. திரண்ட சொற்பச் சேமிப்பையும் வங்கிகள் வேறு பிரதேசங்களுக்குக் கொண்டுபோயின. அங்கே வாங்கும் டெபாசிட்டில் பாதியைக்கூட அங்கே கடனாகக் கொடுக்காத நிலை பல்லாண்டு நீடித்தது. தமிழ்நாட்டிலோ கடன் டெபாசிட்டுக்குச் சமமாகவும் சில ஆண்டுகளில் மிகுதியாகவும் இருந்துவருகிறது. ஏழையின் சேமிப்பு எங்கே தொழிலாயிற்று என்று விசாரித்தால், விடையில் நம் ஊர்களும் இருக்கும்.

பீகாரின் ஆட்சியாளர்களைக் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். 1996இல் அம்பலமான மாட்டுத் தீவன ஊழலும், நில உச்சவரம்பை ஏட்டளவில் நிறுத்திய மேல்சாதி ஆதிக்கமும், கிராமங்களைச் சுடுகாடாக்கிய சாதிச் சேனைகளும், ஆசிரியர் வராத பள்ளிகளும் அவர்கள் கணக்கில் எழுதவேண்டியவை. ஆனால் அந்தக் குற்றங்களின் தண்டனையை அனுபவிப்பவர், குற்றம் செய்தவர் அல்லர். தவிரவும், இத்தனை பெரிய பங்கை வாங்கியும் தலைக்கு ஆகும் சர்க்கார் செலவில் பீகார் பெரிய மாநிலங்களுள் கடைசி வரிசையிலேயே இருக்கிறது; அதன் தலைவருமானம் தேசத்துச் சராசரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நம் பணத்தில் கொழுத்துப்போன மாநிலம் என்று நாம் வர்ணிப்பது இதைத்தான்.

ஆகவே வழக்கு யாரோடு என்பதை நாம் தெளிந்துகொள்ள வேண்டும். பங்கிடத்தக்க வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குக் கொடுப்பதாக ஏட்டில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் 80ஆவது திருத்தம் வகுத்த 270ஆம் ஷரத்தின்படி செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தப் பங்கீட்டில் சேரா என்பதால், மொத்த வரியில் உண்மையாகக் கைக்கு வருவது அதைவிட வெகு குறைவு. அந்த இழப்பு பீகாருக்கும் உண்டு. அதன் பங்கு பெரியதாகையால் நஷ்டமும் நம்முடையதைவிடப் பெரியது. செஸ்ஸுக்கு ஓர் உச்சவரம்பு கட்டுவது, சமன்பாட்டினாலும் ராயல்டியினாலும் இழந்த பிரதேசங்களுக்குப் பங்கீட்டுத் தொகைக்கு வெளியே மத்திய சர்க்காரே தன் கையிலிருந்து ஈடு கொடுப்பது, ஜனத்தொகையை அடக்கிய மாநிலங்களின் நஷ்டத்தையும் அவ்விதமே ஈடுசெய்வது என்ற கோரிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. பொதுத் தொகையில் யார் வாயிலிருந்து யார் பிடுங்குவது என்ற சண்டையில்தான் முரண்பாடு இருக்கிறது. 270ஆம் ஷரத்தைத் திருத்துவதற்கு லோக்சபையில் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கைதூக்கவேண்டும். தமிழ்நாட்டுக்கு அங்கே 39 இடங்கள். பீகாருக்கு 40, ஜார்க்கண்டுக்கு 14, ஒடிசாவுக்கு 21. அந்த 75 பேரிடமும் போய் ஆதரவு கேட்கவேண்டிய நம் பிரதிநிதிகள், அவர்களுடைய வாக்காளர்களை இங்கே மேடைதோறும் தண்டச்சோறு தின்பவர்கள் என்று ஏசிக்கொண்டு எந்த முகத்தோடு அங்கே போவார்கள்?